இடது கார்னரைப் பார்க்கப் போனது

அட்மிஷன் நேரம். பள்ளி அலுவலகத்துக்கு வெளியே பெற்றோர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் அங்கே கிளார்க். மாற்றுச் சான்றிதழ் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கல்லூரியில் என்னோடு ஒரே அணியில் கபடி ஆடிய நண்பன். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு தொழில்முறை அணிக்குத் துணைப் பயிற்சியாளன். டிவியில் ஆட்டம் ஓடும்போது கோட்டுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்று கத்திக்கொண்டிருப்பான்.

“மாப்ள, பேசலாமா?”

“சீக்கிரம் சொல்லு. கூட்டமா இருக்கு.”

“உங்க ஊர்ல ஒரு லெஃப்ட் கார்னர் இருக்கான். காலேஜ்ல கடைசி வருசம். வீடியோ பாத்தேன், நல்லாத்தான் ஆடுறான்.”

“அப்புறம் என்ன? கூப்பிட வேண்டியதுதான?”

“வீடியோல எல்லாப் பயலும் நல்லாத்தான் ஆடுறான். புடிச்சத மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புறாங்க. நீ போய் அவன் மேல ரெய்டு போய்ட்டு வந்து சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்தைத் தாண்டியவன் நான். சட்டை வயிற்றுப் பக்கம் பிடிக்கிறது. வலது முட்டியில் ஆபரேஷன் தழும்பு. கடைசியாக எப்போது பாடிப் போனேன் என்பதுகூட ஞாபகமில்லை.

“உக்காந்து பாத்துட்டு வந்து சொல்றேன்டா. ரெய்டெல்லாம் இந்த முட்டிய வச்சுக்கிட்டு…”

“பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு இருக்கு. அவன் கை எப்படின்னு உன் காலு சொல்லணும்.”

கபடியைப் பார்த்தே பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிரணியிலிருந்து ஒருவன் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு வருவான்; அதுதான் ரெய்டு. இந்தப் பக்கம் ஏழு பேர் கைகோத்து வளைந்து நிற்பார்கள். அந்த வளைவின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் கார்னர்கள். வந்தவன் காலை முதலில் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் மொத்த வளைவும் உடைந்துவிடும். பாயாமலே நின்றால் வந்தவன் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அதனால் கார்னர் என்றால் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காத்திருக்கத் தெரிய வேண்டும். அந்தக் காத்திருப்பு வீடியோவில் தெரியாது. பாய்ந்து பிடிப்பது மட்டும்தான் அழகாகத் தெரியும்.

வீட்டில் சொன்னபோது மனைவி கோபப்படவில்லை. அதே பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை அவள். நான் கல்லூரியில் ஆடிய காலத்திலிருந்தே பார்த்தவள்.

“தாராளமாப் போங்க. முட்டிய மட்டும் கழட்டி வீட்ல வச்சுட்டுப் போங்க” என்றாள்.

ஆனால் மறுநாள் காலையில் முட்டிக்குக் கட்டும் உறையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால், நான் மறுக்காததற்குக் காரணம் நண்பன் அல்ல. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒருவன் என் காலிடம் ஒரு அபிப்பிராயம் கேட்கிறான். அந்த சந்தோஷத்தை அவனிடம்கூட நான் சொல்லவில்லை.

கல்லூரி மைதானத்தில் உடற்கல்வி இயக்குநரிடம் நண்பன் முன்பே பேசியிருந்தான். பையன்கள் மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அணி பிரிந்ததும் இடது ஓரத்தில் போய் நின்றவன்தான் அவன், எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நடுத்தர உயரம். கார்னருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் இருந்தால் நல்லது. மணிக்கட்டு மட்டும் பருத்து இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் வாய் ஓயவில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான்: “நில்லு, நில்லு, இன்னும் வரல, நில்லு.”

முதலில் வெளியே நின்று பார்த்தேன். கார்னரைப் பார்க்க வருகிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். நான் பாதத்தைப் பார்ப்பேன். அவன் பின்னால் நகரும்போது சின்னச் சின்ன அடியாக வைத்தான், குதிகாலை அழுத்தவில்லை. பாடி வருகிறவன் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தான். முகத்தை வைத்து ஏமாற்றலாம், தோளை வைத்து ஏமாற்றலாம். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போக முடியும். இதை அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு குறையும் கண்ணில் பட்டது. தன் அணி ஒரு புள்ளி பின்தங்கியதும் அவனுக்குக் கை பரபரத்தது. அடுத்த ரெய்டில் அரை அடி முந்திப் போனான்.

அப்புறம் உறையை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். பையன்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றாலும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தேன். மூச்சு பாதியிலேயே இழுத்தது. தாண்டிக் கால் வைத்தால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுப் பக்கம் காலை நீட்டி அவனுக்கு ஆசை காட்டினேன். அவன் வரவில்லை. மறுபடியும் நீட்டினேன். கண்கூட அசையவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த முறையும் அதே போல நீட்டினேன். அவன் வரவில்லை என்று திரும்ப முதுகைக் காட்டிய நொடியில் கணுக்காலில் கை விழுந்தது. கால் அங்கேயே இருந்தது, நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். நெஞ்சு மண்ணில் அடித்தது. மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்தபோது எனக்கு ஒரே குதூகலம். என்ன பிடி! விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்டுவிட்டதால் மறுபடியும் போனேன். இந்த முறை அவன் பிடித்தபோது என் வலது பாதம் தண்ணீர் தேங்கிய ஈரத்தில் புதைந்திருந்தது. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன்பு, யார் மீதும் குறை சொல்ல முடியாத ஒரு விழுதலில், அதே திருப்பத்தில்தான் முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது. கத்தக்கூட நேரமில்லை.

கை விட்டுவிட்டது.

நான் முன்னால் போய் விழுந்தேன். நடுக்கோட்டுக்கு மேலே என் உள்ளங்கை இருந்தது. நான் கோட்டைத் தொட்டுவிட்டேன், பிடித்தவன் அவுட் என்று என் பக்கத்துப் பையன்கள் கத்தினார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவன், “கைக்குள்ள இருந்தத விட்டுட்டியேடா!” என்று தலையில் அடித்துக்கொண்டான். பிடித்தவன் அதைக் காதில் வாங்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, முட்டி இருக்கா?”

மடக்கி நீட்டிப் பார்த்தேன். “இருக்கு தம்பி.”

“திரும்புச்சு. அதான் விட்டேன்.”

“நான் சத்தமே போடலையே. எப்படித் தெரிஞ்சுச்சு?”

கொஞ்சம் யோசித்தான். “காலு கையில இழுத்துக்கிட்டே இருக்கும்லண்ணே. டக்குனு இழுக்கறத நிறுத்திருச்சு. எனக்குப் பயமாப் போச்சு.”

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தேன். அன்று மாலை சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மனைவி துணியில் ஐஸ் சுற்றி வைத்துக்கொண்டிருக்கும்போதே நண்பனுக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். காத்திருக்கிறான், இடுப்பைப் பார்க்கிறான், பிடி இரும்பு. கடைசியில் விட்டதையும் சொன்னேன்.

நண்பன் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும்தான் பிடித்துக்கொண்டான்.

“விட்டுட்டானா?”

“என் முட்டி திரும்புச்சுடா.”

“அது உன் நல்ல காலம் மாப்ள. ஆனா எனக்கு விடாத ஆளு வேணும். பயத்துல விட்டானா, தெரிஞ்சு விட்டானா? பயந்தவன்னா மறுதடவ கைய நீட்டவே யோசிப்பான். அத மட்டும் பாத்துச் சொல்லு.”

அவன் கேட்டதில் தப்பில்லை. எனக்கு நல்லது செய்த ஒருவனை அந்த நன்றிக்காகவே நல்ல ஆட்டக்காரன் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த வாரத்திலேயே கார்னர் பையனுடைய அப்பா என்னைக் கூப்பிட்டார். சிம்மக்கல் பக்கம் சாக்கு, கயிறு மொத்த வியாபாரம். பள்ளி விட்டதும் டவுன் பஸ் ஏறிப் போனேன். சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்குச் சொன்னார். பையன் உள்ளே கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

“கடைக்கு மூத்தவன் இருக்கான்” என்றார் அப்பா. “இவன் இங்கதான் நிக்கணும்னு நான் கேக்கல. வெளயாட்டு வேணாம்னும் சொல்லல. எனக்கு அந்த வெளயாட்டே தெரியாது. உங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஆகும்னா ஆகும்னு சொல்லுங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. ‘பாக்கலாம்’னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு அவன் பாட்டுக்கு நாலு வருசம் உக்காந்துருவான்.”

உள்ளே கட்டு அடுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“அப்படிச் சொல்ல மாட்டேன் பாய்” என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்தில் ஒரு போட்டி. சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூங்கில் கட்டிய வேலிக்கு வெளியே கூட்டம். மைக்கில் ஒருவர் எல்லா ஊர்க்காரர்களையும் வாழ்த்திக்கொண்டே இருந்தார். மகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு, இடது ஓரம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றோம்.

கல்லூரி அணிக்கு எதிரே நன்றாகப் பழகிய ஊர் அணி. ஆரம்பத்தில் அவன் அழகாகக் காத்திருந்தான். அணி பின்தங்கியதும் பழைய குறை தலைகாட்டியது. இரண்டு முறை முந்திப் பாய்ந்து வெறும் காற்றைப் பிடித்தான்.

“முந்துறான்” என்றாள் மனைவி.

“ஆமா.”

“நீங்களும் இப்படித்தான் ஆடுவீங்க.”

இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் நெருங்கிவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஊர் அணியின் முக்கியமான ரெய்டர் பாடி வந்தான். ஆள் நல்ல உயரம். போனஸுக்குக் காலை வைத்தான். இவன் காத்திருந்து, சரியான நேரத்தில் கணுக்காலைப் பிடித்தான். கூட்டம் எழுந்துவிட்டது. அந்த ரெய்டர் உடம்பை முறுக்கிக்கொண்டு திரும்பினான். பாதம் மண்ணில் மாட்டியிருந்தது. நான் இங்கிருந்தே பார்த்தேன், முட்டி போகக்கூடாத பக்கம் போய்க்கொண்டிருந்தது. என் கை மனைவியின் தோளைப் பிடித்தது.

கணுக்காலை விட்டான். விட்ட கையோடு இடுப்பைக் கட்டப் போனான். இடுப்புக்குக் கை எட்டுவதற்குள் அந்த நெட்டையன் விழுந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். புள்ளி போய்விட்டது. அணிக்காரர்கள் அவனைத் திட்டினார்கள். கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார். அவன் அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்தான். நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்து எனக்கு மனசு கனத்தது.

ஆனால் அவனுடைய அணி அடுத்த ரெய்டில் ஒரு புள்ளி எடுத்தது. அணிக்குப் புள்ளி வந்தால் வெளியே உட்கார்ந்தவன் திரும்ப உள்ளே வரலாம், அவனுக்கு உயிர் வந்தது. உள்ளே வந்து அதே ஓரத்தில் நின்றான். அந்த நெட்டையனே மறுபடியும் பாடி வந்தான். இவன் பக்கமே வந்தான். ஒருமுறை விட்டவன் இனி யோசிப்பான் என்று அவனும் என் நண்பனைப் போலவே கணக்குப் போட்டிருப்பான். காலை நீட்டினான். இவன் அசையவில்லை. மறுபடி நீட்டினான். அதே கணுக்கால், அதே கை. முந்தவும் இல்லை, தயங்கவும் இல்லை. நெட்டையன் சுத்தமாகப் படுத்தான்.

மகள் சுண்டல் பொட்டலத்தோடு கைதட்டியதில் பாதிச் சுண்டல் கீழே கொட்டியது.

அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள், மிகக் கொஞ்சத்தில். எனக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை. பயந்து விடுகிறவன் அடுத்த பிடிக்குக் கையைச் சுருக்கிக்கொள்வான். இவனுக்கு முந்தைய ரெய்டு அந்த ரெய்டோடு முடிந்துவிட்டது. எதை விட வேண்டும் என்பதைக் கை தெரிந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். தொழில்முறை ஆட்டத்தில் கார்னர் ஒரு மாலைக்குள் எத்தனையோ முறை தோற்பான். தோற்ற முகத்தோடு அடுத்த ரெய்டுக்கு நிற்காதவன் கிடைப்பதுதான் அபூர்வம்.

ஆட்டம் முடிந்ததும் வேலிக்குள் போய்த் தோளைத் தட்டினேன்.

“அந்த அண்ணனுக்கு முட்டி ஒண்ணுமில்ல, கேட்டுட்டு வந்துட்டேன்” என்றான் முதல் வார்த்தையாக. அப்புறம் தயங்கித் தயங்கி, “அத்தா என்ன கேட்டாங்கன்னு காதுல விழுந்துச்சுண்ணே. எனக்கும் அதேதான் வேணும். ஆகாதுன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“ஆகும்” என்றேன். “ஆனா முந்துற. புள்ளி போனதும் கை பறக்குது. அங்க ரப்பர் மேட்டு, அதுல ஷூ போட்டு ஆடிப் பழகணும், மண்ணுல வர்ற காலு அங்க வராது. உயரம் கம்மி, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய ஸ்டாரா வருவன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஆடுவ.”

“சரிண்ணே” என்று தலையை ஆட்டினான். கண் கலங்கியதா, வியர்வையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். குறைகளைத்தான் முதலில் சொன்னேன். அப்புறம் அந்த இரண்டு ரெய்டுகளையும் அடுத்தடுத்து நடந்தபடியே சொன்னேன். உடனே போன் வந்தது.

“ரொம்பப் பேசுற. எடுக்கலாமா, வேணாமா?”

“எடு. ஒரு வருசம் வெளிய உக்கார வை. மேட்ல பழகட்டும்.”

“உன் முட்டிக்காகச் சொல்லலையே?”

“சத்தியமா இல்ல.”

“சரி மாப்ள. நீ சொன்னாச் சரி.”

அவனை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அவனுடைய அத்தாவிடம் செய்தி சொல்லப் போனபோது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “போய்ட்டு வாரேன்னு சொல்றான், எம்புட்டு நாள்னு சொல்ல மாட்டேங்கறான்” என்றார். சிரிக்கவும் செய்தார். முதல் வருடம் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தான். ரப்பர் மேட்டில் பழகியபோது கால் விரல் நகங்கள் போயின என்று போட்டோ அனுப்பினான். அடுத்த வருடம் மூத்த கார்னர் ஒருவருக்குத் தோளில் அடிபட்டதால் இவனை இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பிடிகூட அகப்படவில்லை. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கடுத்த ஆட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்து நின்றான். நான் எதிர்பார்த்ததற்கு ஒரு படி கீழே, அவன் அத்தா பயந்ததற்குப் பல படிகள் மேலே. இப்போதும் அந்த அணியில் இருக்கிறான். சில ஆட்டங்களில் ஆடுகிறான், சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறான்.

நண்பன் இப்போது இந்தப் பக்கத்துப் பையன்கள் யாரைப் பற்றியும் என்னிடம்தான் கேட்கிறான். சனி, ஞாயிறுகளில் கப்பலூர் தாண்டி, திருமங்கலம் தாண்டி எங்கெங்கோ மைதானங்களுக்குப் போகிறேன். ரெய்டு போவதில்லை. பாதத்தைப் பார்க்கிறேன், இடுப்பைப் பார்க்கிறேன், புள்ளி போன பிறகு எப்படி நிற்கிறான் என்று பார்க்கிறேன். ஆகாது என்று சொல்ல வேண்டியவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆட்டம் முட்டியோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த எனக்கு இப்படி ஒரு வாசல் திறந்ததை நினைத்தால் ஜெபத்தில் முதலில் அதுதான் வருகிறது.

போன சீசனில் ஒரு மாலை, சிம்மக்கல் கடையிலேயே உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். அத்தா வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். சாக்குக் கட்டுகளுக்கு மேலே ஒரு சின்ன டிவி. பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து நின்றுகொண்டார்கள். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு ரெய்டர் அவனைத் தொட்டுவிட்டுப் போனான். அவன் வெளியே போய் உட்கார்ந்தான்.

“என்னங்க, எந்திரிச்சுப் போய்ட்டான்? அடிபட்டுருச்சா?” என்று பதறினார் அத்தா.

“இல்ல பாய், அவுட். இவங்க ஒரு புள்ளி எடுத்தா உள்ள வருவான்.”

“வருவானா?”

“வருவான்.”

அதன் பிறகு அவர் மகனைப் பார்க்கவே இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் கண்ணெடுக்காமல் பார்த்தார். யாரோ ஒருவன் பிடித்தான். புள்ளி விழுந்தது. மகன் எழுந்து உள்ளே ஓடி வந்து இடது ஓரத்தில் நின்றான். அப்போதுதான் அத்தா எழுந்து, கயிறு வாங்க வந்து வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தவரிடம், “சொல்லுங்க, எத்தன மீட்டர்?” என்றார்.